மழை ஒரு நாள் பிந்தி வந்தது

1

எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இதை அங்கே படிக்கவில்லை. குத்தாலம் கடைத்தெருவில் லாரிப் படுதா தைத்துக்கொண்டிருந்த காலத்தில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் நனைகிறது, ஒரு கூரை போட்டுத் தாருங்கள் என்று கேட்க எங்கள் பக்கத்து விவசாயிகள் ஒரு வேன் பிடித்தார்கள். நானும் ஏறிக்கொண்டேன். "ஏன்டா, கூரை வந்துட்டா அப்புறம் உன் படுதாவ எவன் வாங்குவான்? நீ எதுக்குடா வர்ற?" என்று வேன் முழுக்கச் சிரித்தார்கள். என் தம்பி பாஸ்கரின் நெல்லும் அந்த நிலையத்தில்தான் கிடந்தது, அதற்காக வந்தேன் என்றேன். ஒரு பொன்னாடை, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு மனு. முதலில் போர்த்த வேண்டும், பிறகு பழம், அப்புறம் போட்டோ, கடைசியில்தான் மனு. வரிசை மாறக் கூடாது. அந்த வருடம் கூரை வரவில்லை. அடுத்த வருடமும் போனோம். வரவில்லை. அதற்கும் அடுத்த தடவை எங்கள் வேனைத் தெருமுனையில் பார்த்ததுமே எம்.எல்.ஏ. வாசலுக்கு வந்து, "கூரைக்காரங்களா, வாங்க" என்றார். கூரை வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் நான் வேலை பார்க்கும் பட்டறையின் தலைவி டெபி என்னைக் கூப்பிட்டு, "தலைநகருக்குப் போகிறோம். உன் தொகுதி உறுப்பினரைப் பார்த்து நீ பேச வேண்டும்" என்றபோது, எனக்கு முதலில் வந்த பயம் இங்கிலீஷைப் பற்றியது அல்ல. இந்த ஊரில் பொன்னாடைக்கு எங்கே போவது என்பதுதான்.

2

நான் இருப்பது அமெரிக்காவின் தெற்குக் கரையில், மிசிசிப்பி மாநிலத்தில், கடலோரச் சிற்றூர் ஒன்றில். என் மனைவி மாலதி நர்ஸ். விசா வந்தது அவளுக்குத்தான். நான் அவளுடைய லக்கேஜோடு வந்தவன். இதை அவள் அண்ணன் ஒரு கல்யாண வீட்டில் சொல்லிச் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். பொய்யில்லையே.

வந்த புதிதில் எந்த வேலைக்குப் போனாலும் என்ன படித்திருக்கிறாய் என்ற கட்டத்தில் என் பேனா நின்றுவிடும். இந்தப் பட்டறையில் மட்டும் ஒரு துணியைக் கையில் கொடுத்து, நேராகத் தை பார்க்கலாம் என்றார்கள். தைத்தேன். வேலை கிடைத்தது.

செயற்கைக்கோளுக்குப் போர்வை தைக்கிற வேலை. சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. அது மேலே சுற்றும்போது வெயில் படும் பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறைந்துபோகும். அதனால் அதற்கு ஒரு உறை. பளபளவென்று மெல்லிய தாள் மாதிரி ஒன்று, அதற்கடியில் கொசுவலை மாதிரி ஒன்று, மறுபடி தாள், மறுபடி வலை என்று அடுக்கி ஓரம் தைப்போம். மேல் தாள் தங்க நிறத்தில் இருக்கும். எங்கள் பட்டறையில் தைப்பதெல்லாம் மேகத்தையும் புயலையும் பார்க்கிற கோள்களுக்கு. "அங்க நெல்லுக்குப் படுதா போட்டே, இங்க மிஷினுக்குப் படுதா போடுறே, தொழில் ஒண்ணுதான்" என்பான் பாஸ்கர்.

பட்டறை ஓடுவது மாநில அரசு வருடா வருடம் தரும் உதவியில். கட்டடம், ஆட்களுக்குப் பயிற்சி எல்லாம் அதில்தான். இந்த வருடம் அதை நிறுத்தலாமா என்று சட்டமன்றக் குழு ஒன்று பேச ஆரம்பித்தது. நிறுத்தினால் கம்பெனி பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும். டெபி இதை எங்களிடம் மறைக்கவில்லை. குழுவில் என் தொகுதி உறுப்பினரும் இருந்தார். "மேலே அனுப்புகிற பணத்தைக் கீழே ரோட்டில் போடலாம்" என்று உள்ளூர்ப் பேப்பரில் அவர் சொல்லியிருந்தார். தன் தொகுதியில் ஓட்டுப் போடுகிறவன் நேரில் வந்தால் மட்டும் கதவைத் திறப்பாராம். பட்டறையில் அவர் தொகுதிக்காரன் நான் ஒருவன்தான். குடியுரிமை கிடைத்து முதல் ஓட்டையும் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. பட்டறை போய்விட்டால் இந்தக் கண்டத்தில் வேறு எவன் எனக்கு வேலை தருவான்? மாலதிக்கு இங்கே ஆஸ்பத்திரி, மகள் நித்யாவுக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். நான் மட்டும் பக்கத்து மாநிலத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கி, வாரத்துக்கு ஒரு முறை வந்துபோகும் அப்பனாக ஆகிவிடுவேனா? ஏற்கெனவே அவள் என்னோடு பேசுவது குறைந்துவிட்டது.

"கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா, ஏன் ஒண்ணும் இல்லேன்னு அதுக்கும் ஒரு கவலை படுவீங்க" என்பாள் மாலதி. இந்தத் தடவை அவள் அதைச் சொல்லவில்லை. அதுவே பெரிய கவலையாக இருந்தது.

3

நான் பேச வேண்டியதை நித்யாதான் எழுதிக் கொடுத்தாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் நடக்கிறது. கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும். மற்றபடி அவள் சொன்னதை இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன்.

"உன் சித்தப்பா வயலப் பத்தி ரெண்டு வரி போடும்மா. மழை எப்ப வருதுன்னு தெரிஞ்சாதானே அவன் அறுக்க முடியும்? அதுக்குத்தானே இந்த மிஷினெல்லாம்?"

"அப்பா, ப்ளீஸ். அவங்களுக்கு வேணும்கிறது ஜாப்ஸ், எகானமி. ஊர்க் கதை எல்லாம் அங்க போய்ச் சொல்லாதீங்க. சிரிப்பாங்க."

சிரிப்பார்கள் என்பதை அவள் ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னாள் என்று யோசித்தேன். என்னைப் பார்த்து யாராவது சிரித்ததை அவள் எங்கோ பார்த்திருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் எழுதிக் கொடுத்ததைக் காரில் போகும்போதும் தையல் மிஷினில் உட்காரும்போதும் மனப்பாடம் செய்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய மாலை பாஸ்கர் கூப்பிட்டான். அங்கே காலை. பின்னால் அறுவடை மிஷின் சத்தம்.

"அண்ணே, மிஷின் இன்னைக்கு மட்டும்தான் இங்க நிக்குமாம். நாளைக்கு நன்னிலம் பக்கம் போகுதாம். சம்பா இன்னும் நாலு நாள் காயணும். ஆனா நாளைலேர்ந்து கனமழைன்னு போன்ல வருது. அறுக்கவா, விடவா?"

"என்னைய ஏன்டா கேக்குற?"

"நீ தானே அந்த ஆபீஸ்ல இருக்கே. யாரையாவது கேட்டுச் சொல்லேன்."

"நான் அங்க தைக்கிறவன்டா. மழையப் பாக்குறவன் இல்ல."

"தைக்கிறவனுக்குத் தெரியாம எப்படி? போன தடவையும் இப்படித்தான் மழை மழைன்னான், ஒரு தூத்தல் கூட இல்ல. பக்கத்து வயல் கணேசன் மாமா அறுக்கலேன்னுட்டாரு. 'போன்ல வர்றத நம்பிப் பச்சையா அறுக்குறதுக்கு நான் என்ன கிறுக்கனா'ங்கிறாரு. நீ சொல்லுண்ணே, நீ சொல்றபடி செய்யுறேன்."

குத்தகை நிலம். வருடம் பூராவும் அவன் பட்ட பாடு அதில் நிற்கிறது. மறுநாள் காலையில் ஒரு பெரிய மனிதரின் முன்னால் நின்று, இந்தக் கோள்களை நம்புங்கள் என்று சொல்லப்போகிறேன். இன்றைக்குச் சொந்தத் தம்பியிடம் நம்பாதே என்று எப்படிச் சொல்வது?

"அறுத்துடு" என்றேன்.

4

தலைநகரில் சட்டமன்றக் கட்டடம் பழையது. வாசலில் பையை மிஷினுக்குள் விட்டுப் பார்த்த காவலர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, இது எதற்கு என்றார்.

"மெம்பருக்கு" என்றேன்.

டெபி கண்ணை மூடிக்கொண்டார். அன்பளிப்பு எதுவும் கொண்டுவரக் கூடாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். நானும் தலையை ஆட்டியிருந்தேன். ஆனால் வெறுங்கையோடு போவதை நினைத்தால் உடம்பு கூசியது. பழத்தின் பக்கத்தில் பொன்னாடையும் இருந்தது. எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தில் பொங்கலுக்குப் பந்தல் கட்டிக் கொடுத்ததற்காக எனக்குப் போர்த்தியது. அதற்கு முன் யார் யார் தோளில் ஏறி இறங்கியதோ. பொன்னாடை என்றால் அப்படித்தானே.

அறைக்குள் குளிர். ஹீட்டர் பழுதாம். உறுப்பினர் ஓவர்கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. இறால் பிடிக்கிற படகுக்காரக் குடும்பம் என்று டெபி சொல்லியிருந்தார். வாசலருகில் அவருடைய உதவியாளர் இளைஞர் ஒருவர் நின்றார். அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். எனக்குக் கேட்ட மாதிரி நம் பேச்சில் எழுதுகிறேன்.

"உக்காருங்க" என்றார் உறுப்பினர்.

டெபி உட்கார்ந்தார். எனக்குக் கால் மடங்கவில்லை. எம்.எல்.ஏ. முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை.

"குட் மார்னிங் சார். நான் உங்கள் தொகுதியில் குடியிருக்கிறேன்" என்று ஆரம்பித்தேன். நித்யாவின் முதல் வரி. இரண்டாவது வரியைத் தேடினேன். இல்லை. ஜாப்ஸ் இல்லை, எகானமி இல்லை, மண்டைக்குள் ஒன்றுமே இல்லை. டெபி என்னைப் பார்க்கிறார், உறுப்பினர் பார்க்கிறார், சுவரில் ஒரு பாடம் செய்த மீன், அதுவும் பார்க்கிறது.

வேறு வழி தெரியாமல், எனக்குத் தெரிந்த வரிசையில் ஆரம்பித்தேன். பையைத் திறந்து பொன்னாடையை எடுத்தேன்.

உதவியாளர் பாய்ந்து வந்தார். "சார், நாங்க எதுவும் வாங்கறதில்ல. மன்னிக்கணும்."

"கொடுக்கலீங்க. போத்திட்டு நானே எடுத்துக்குவேன்."

"அதுவும் முடியாது சார்."

பொன்னாடையை உள்ளே வைத்தேன். பைக்குள் இன்னொன்று கையில் பட்டது. காட்டுவதற்காக டெபி கொண்டுவரச் சொன்ன மாதிரித் துண்டு, நாங்கள் தைக்கிற போர்வை. எனக்கு என்ன தோன்றியதோ, அதை வெளியே எடுத்தேன்.

"இது கம்பெனிச் சொத்து. இதை நான் கொடுத்தால் என் வேலை போயிடும். திருப்பி எடுத்துட்டுப் போயே ஆகணும். அதனால இது அன்பளிப்பு இல்ல" என்று சொல்லிக்கொண்டே மேசையைச் சுற்றிப் போய், அந்தப் பெரிய தோளில் போர்த்திவிட்டேன்.

தங்க நிறத்தில் சருகு மாதிரி சலசலத்தது. போட்டோவுக்கு நிற்பது போல நான் பழக்கதோஷத்தில் அவர் பக்கத்தில் நின்றேன். என் வேலை இந்த நிமிடத்தோடு போனது என்று மட்டும் தெரிந்தது.

உறுப்பினர் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார்.

"கதகதன்னு இருக்கே" என்றார். பிறகு உதவியாளரைப் பார்த்து, "நீ வாங்கி வச்ச ஹீட்டரை விட இது பரவாயில்ல."

டெபிதான் முதலில் சிரித்தார்.

5

போர்வையைக் கழற்றாமலே அவர் கேட்ட கேள்வி சிரிப்பாக இல்லை.

"சரி, நல்லாத்தான் தைக்கிறீங்க. ஆனா என் ஜனங்களுக்குக் கூரையில ஓட்டை இருக்கு, ரோட்டுல பள்ளம் இருக்கு. அவங்க பணத்த எதுக்கு நான் வானத்துல கொட்டணும்?"

மகள் எழுதியது திரும்பி வரவேயில்லை. நான் பாஸ்கரைச் சொன்னேன். எனக்கு நெல் விளைகிற ஊர் என்று, தம்பி நேற்று அறுக்கவா விடவா என்று கேட்டான் என்று, மழை வரும் என்று வானத்திலிருந்து ஒரு கண் பார்த்துச் சொன்னது, நான் அதை நம்பி அறுக்கச் சொன்னேன் என்று. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பல இடத்தில் தடுக்கி விழுந்து எழுந்து.

"உங்க தம்பி வயல்ல பெய்யுற மழைக்கு எங்க ஜனங்க எதுக்குக் காசு கொடுக்கணும்?"

"வேண்டாம் சார். அந்த மழையைப் பாக்குறது எங்க நாட்டுக்காரங்க அனுப்பின கோள். உங்க கடல்ல வர்ற புயலப் பாக்குறது நாங்க தைச்சது. வேலை ஒண்ணுதான். நான் தம்பியைச் சொன்னது, எனக்குத் தெரிஞ்ச வயல் அது ஒண்ணுதான் என்கிறதால."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"மழை பெஞ்சுதா?"

நான் போனை எடுத்துப் பார்த்தேன். பாஸ்கரிடமிருந்து ஒரு செய்தி. அறுத்தாச்சு, நெல்லைப் படுதா போட்டு மூடியாச்சு, வானம் வெளிச்சமா இருக்கு.

பெய்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பதினாயிரம் மைல் தாண்டி யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"இன்னும் இல்லீங்க சார்."

அவர் போர்வையைக் கழற்றி, மடிக்கத் தெரியாமல் மடித்து என் கையில் கொடுத்தார். "என் ஓட்டு 'வேண்டாம்'தான். பேப்பர்லயே சொல்லிட்டேன். ஆனா மழை பெஞ்சா எனக்கு எழுதுங்க" என்றார். நாங்கள் கதவை அடைந்தபோது மறுபடி குரல் கொடுத்தார். "பெய்யலேன்னாலும் எழுதுங்க."

6

மறுநாள் பெய்யவில்லை.

"அண்ணே, இங்க வெயில் மண்டையப் பொளக்குது" என்றான் பாஸ்கர். "உங்க மிஷின் மேல தூங்குதா? நீ தைச்ச போர்வைய இழுத்துப் போத்திக்கிச்சா?"

"அது நாங்க தைச்சது இல்லடா."

"எவன் தைச்சா என்ன. கணேசன் மாமா டீக்கடையில உக்காந்துகிட்டு, 'அமெரிக்காவுல அண்ணன் இருக்கான், அதான் அவசரமா அறுத்துட்டான்'னு எல்லாருக்கும் கத சொல்றாரு. நெல்லு ஈரமா இருக்கு. நிலையத்துல எடுக்க மாட்டேங்கிறான். காய வச்சுக் கொண்டாங்கிறான். நாலு நாள் விட்டிருந்தா எடையும் நின்னுருக்கும்."

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று தையல் மிஷினில் உட்கார்ந்து இரண்டு ஓரத்தைத் தப்பாகத் தைத்துப் பிரித்தேன். போனில் மேகப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். இலங்கைக்குக் கிழக்கே வெள்ளையாக ஒரு திட்டு, நகராமல் நின்றுகொண்டிருந்தது. வா, வா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது, நான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. அறுவடைக்குப் பயிர் நிற்கிற நேரத்தில் மழை வேண்டும் என்று வேண்டிக்கொண்ட டெல்டாக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்த வயல்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவர்களுடையது. கணேசன் மாமா என் கல்யாணத்துக்கு வாழைமரம் கொண்டுவந்து கட்டியவர்.

உறுப்பினருக்கு அன்று எழுதவில்லை. எழுதாததும் ஒரு பதில்தான் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று ஒரு பயம். பெய்யவில்லை என்று எழுதினால் அதோடு முடிந்தது என்று இன்னொரு பயம்.

அன்று மாலை, நான் பட்டறையிலிருந்து கிளம்பும்போது போன் வந்தது. அங்கே அடுத்த நாள் காலை. பாஸ்கரின் குரலில் கேலி இல்லை. பின்னால் தகரத்தில் மழை விழும் சத்தம்.

"விடியறதுக்கு முன்னாலேர்ந்து ஊத்துதுண்ணே. காத்து வேற. நம்ம நெல்லு படுதாவுக்குள்ள பத்திரமா இருக்கு. மாமா வயலு பூரா சாஞ்சுடுச்சு. தண்ணி நிக்குது. வடிகால வெட்டி விடப் போறேன், அவரால முடியாது. அப்புறம் பேசறேன்."

கணேசன் மாமா எங்கே என்று கேட்டேன்.

"மழையிலதாண்ணே. வரப்புல நிக்கிறாரு."

7

வீட்டுக்கு வந்ததும் நித்யாவைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, சொல்வதை இங்கிலீஷில் எழுது என்றேன்.

"ஐயா, மழை பெய்தது. சொன்ன நாளுக்கு ஒரு நாள் பிந்திப் பெய்தது."

அவள் விரல் நின்றது. "பிந்தின்னு எதுக்குப்பா? பெஞ்சுதான்னு தானே கேட்டார்? பெஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்க. லேட்டுன்னு போட்டா நமக்கு எதிராத்தான் போகும்."

"போகட்டும். எழுது."

"உங்க வேலைப்பா. நம்ம வீடு."

அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் மட்டும்தான் தூங்காமல் கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"பாரு நித்யா. அந்த ஒரு நாள் உன் சித்தப்பா டீக்கடைப் பக்கமே போகல. நெல்லு ஈரமா இருக்கு, இன்னும் விக்கல. அதெல்லாம் நடந்தது தானே? அத மறைச்சுட்டு நம்ம மிஷின் பெரிய மிஷின்னு சொன்னா, நாளைக்கு அவர் ஊர்ல புயல் ஒரு நாள் தள்ளி வந்தா நம்மளப் பொய்யன்னுவாரு. ஒரு நாள் தப்பும், ஆனா வரும். அத நம்பித்தான் அறுத்தோம். அப்படியே எழுது."

எழுதினாள். தம்பியின் நெல் மூடி வைத்திருக்கிறது, ஆனால் ஈரம், காய வைக்க வேண்டும். பக்கத்து வயல்காரர் நம்பவில்லை, அவர் பயிர் தண்ணீரில் கிடக்கிறது. அவ்வளவுதான். பட்டறையைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம் என்றேன்.

அனுப்பிவிட்டுத் திரும்பினாள். "சாஞ்ச பயிர எடுக்க முடியாதா?" தமிழில் கேட்டாள். கோபம் இல்லாமல்.

"எடுக்கலாம். தண்ணி சீக்கிரம் வடிஞ்சா ஆள் விட்டு அறுக்கலாம். வடியலேன்னா முளைச்சுடும்."

"நெல்லு செடியிலேயே முளைக்குமா?"

"முளைக்கும்."

அன்றிலிருந்து தினமும், பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், தண்ணீர் வடிந்ததா என்று கேட்க ஆரம்பித்தாள். வடிந்தது. பாதியைக் காப்பாற்றினார்கள்.

8

குழு கூடியதைக் கம்ப்யூட்டரில் நேரலையாகப் பார்த்தோம். நித்யா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். மாலதி டியூட்டி மாற்றிக்கொண்டாள். நான் உட்காரவில்லை.

எங்கள் உறுப்பினரின் முறை வந்தது. என் கடிதத்தை அவர் வாசித்துக் காட்டவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை. ஓவர்கோட் இல்லாமல் அவர் இன்னும் பெரியதாகத் தெரிந்தார். மைக்கை இழுத்து வைத்துக்கொண்டு, நித்யா எனக்குத் தமிழில் மெதுவாகச் சொல்லச் சொல்ல, அவர் இப்படிப் பேசினார்:

"எங்க கடற்கரையில புயல் வருதுன்னா ஜன்னலுக்குப் பலகை அடிப்போம். சில தடவை அது வேற பக்கம் போயிடும். ஆணியப் பிடுங்கும்போது, சொன்னவனத் திட்டிக்கிட்டேதான் பிடுங்குவோம். நானே திட்டியிருக்கேன். ஆனா அடுத்த தடவை எனக்குச் சொல்லாதேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்கு ஒருத்தர் எழுதியிருந்தார், ஒரு நாள் தப்பா வந்துச்சுன்னு. தன் பக்கம் தப்பானத வந்து சொல்ற ஆள் இந்தக் கட்டடத்துக்கு அடிக்கடி வர்றதில்ல. நான் வேண்டாம்னு சொல்லியிருந்தேன். இப்ப ஒரு வருஷம் கொடுப்போம்ங்கிறேன். ஒரே ஒரு வருஷம். அடுத்த வருஷம் வந்து மறுபடி என்னைக் கேக்கட்டும்."

கை தூக்கினார்கள். நிறைவேறியது. டெபி போனில் ஏதோ சொன்னார், பாதி அழுகையாக இருந்ததால் புரியவில்லை. மாலதி சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். நல்ல சேதிக்கு அவளுக்கு அதுதான் வழக்கம்.

"ஒரு வருஷம் தானாப்பா?" என்றாள் நித்யா.

"ஒரு போகம்" என்றேன். "குத்தகைக்காரனுக்கு வேற என்ன கிடைக்கும்? இந்தப் போகத்த எடுத்துட்டு அடுத்ததுக்குப் போய் நிக்கணும்."

அன்று மாலை பாஸ்கரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவனுக்குச் சட்டமன்றம், குழு, ஓட்டு எல்லாம் பெரிதாகப் படவில்லை. நெல் காய்ந்துவிட்டதாம், நிலையத்தில் எடுத்துக்கொண்டார்களாம், நாங்கள் கேட்டு வாங்கிய அந்தக் கூரைக்கடியில் மூட்டை போட்டிருக்கிறானாம்.

"அண்ணே, கோடைக்குப் பருத்தி போடலாம்னு இருக்கேன். காய் வெடிக்கிற நேரத்துல மழை வந்தா போச்சு. உங்க ஆளுங்கள்ட்ட கேட்டுச் சொல்லு. கணேசன் மாமாவும் கேக்கச் சொன்னாரு."

நான் தைக்கிறவன்டா என்று மறுபடி சொல்ல வாய் எடுத்தேன். பிறகு, "கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

இன்னும் பயம் போகவில்லை. அது என்னை விட்டுப் போகாது. ஆனால் அடுத்த ஜனவரி வரைக்கும் வீட்டில் உட்கார்ந்து பயந்துகொண்டிருப்பதாக இல்லை. ஒரு தடவை வந்தவனை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பது கூரை கேட்டுப் போன வேனிலேயே தெரிந்துகொண்டது. குழுவில் வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் ஒருவர் வடக்கே, பெரிய ஆற்றை ஒட்டிய தொகுதிக்காரர். விசாரித்ததில் அந்தப் பக்கம் நெல் விளைகிறதாம். அவரே விளைவிக்கிறாராம். நான் அவர் தொகுதிக்காரன் அல்ல, கதவைத் திறப்பாரா தெரியாது. திறக்கிற வரைக்கும் போய் நிற்பதாக டெபியிடம் சொல்லிவிட்டேன்.

நெல்லைப் பற்றிப் பேச எனக்கு யாரும் எழுதித் தர வேண்டியதில்லை. வரும் வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். வண்டியை நித்யா ஓட்டுகிறாள். எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.